வியாழக்கிழமை வரைக்கும்

எங்கள் கல்லூரியில் இருக்கும் மொத்தப் பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பிவிடலாம். அவ்வளவு சின்னது. அதில் என்னைப் போலக் கடல் தாண்டி வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் பத்தொன்பது பேர். தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர், நானும் அவளும். அறை ஒதுக்கிய புண்ணியவான் எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டான். முதல் வாரம் அலமாரிக்குச் சண்டை போட்டோம், இரண்டாம் வாரம் ஒரே தட்டில் சாப்பிட்டோம், அப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது.

இந்த மாதிரிக் கல்லூரியில் யாரும் தன் பாடத்தை மட்டும் படித்துவிட்டுப் போய்விட முடியாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் வாயை வைத்தாக வேண்டும். பொருளாதாரம் படிக்க வந்த நான் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து பானை வனைந்தேன், ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. அவள் வேதியியலுக்கு வந்தவள். கட்டாயத்துக்காக எடுத்த மண்ணியல் வகுப்பில் சேற்றுக்குள் காலை விட்டாள், பிறகு வெளியே வரவே இல்லை. கல்லூரிக்குப் பின்னால் உள்ள ஏரியின் அடியிலிருந்து நீளக் குழாயில் சேறு எடுத்து, அதை மெல்லிய வில்லைகளாக அறுத்து, எந்த வில்லையில் எந்த மரத்தின் மகரந்தம் இருக்கிறது என்று எண்ணி, எந்தக் காலத்தில் அங்கே என்ன காடு இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய கடைசி வருட ஆய்வு. நான் அவளுக்குச் சேத்துராணி என்று பெயர் வைத்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, கதவில் எழுதியே ஒட்டினாள்.

அவளுடைய அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். பிள்ளைகள் உடைத்துப் போடும் கண்ணாடிக் குழாய்களை முப்பது வருடமாகக் கூட்டி அள்ளியவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் போன் வரும். அந்த வாரம் என்ன கற்றுக்கொண்டாள் என்று கேட்பார். கடல் தாண்டிப் போய்ச் சேறு அள்ளுகிறாளே என்று முதலில் சிரிப்பார், அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். அவருடைய கேள்விகளில் இரண்டு மூன்றை அவள் ஆய்விலேயே சேர்த்துக்கொண்டாள்.

ஆய்வை முடித்தவர்கள் பேராசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அதுதான் கடைசிப் பரீட்சை. அவளுக்கு அது வியாழக்கிழமை என்று குறித்திருந்தார்கள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் விடுதியின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறையில் இருந்தேன். இரண்டு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்று கெட்டுப்போய்க் கிடந்தது. அவளுடைய அண்ணன் என் எண்ணுக்குக் கூப்பிட்டார். என்னை அவர் அதுவரை நேரில் பார்த்ததுகூட இல்லை.

"தங்கச்சி, அவ பக்கத்துல இருக்காளா?"

இல்லை என்றேன். அவர் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"அப்பா போயிட்டாரும்மா. விடிகாலைல நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் கொண்டுபோக முடிஞ்சுது. அவகிட்ட சொல்லிடாத. வியாழக்கிழமை வரைக்கும் எப்படியாவது பாத்துக்கோ."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. இப்போது சொன்னால் ஓடி வந்துவிடுவாள், பரீட்சை போய்விடும், ஒரு வருடம் வீணாகும், விசாவும் முடிந்துவிடும், அப்பா பட்ட பாட்டுக்கெல்லாம் அர்த்தமில்லாமல் போய்விடும் என்று மூச்சுவிடாமல் சொன்னார். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தாராம். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காக மூன்று வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன சனங்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்துவிட்டார்கள். எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பெரியப்பா வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அவருக்காக ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம், செவ்வாய்க்கிழமை காலை எடுக்கிறோம் என்றார்.

"உன்னை நம்பித்தாம்மா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

எனக்கு இந்த மாதிரி வார்த்தைக்கு மயங்குகிற புத்தி சின்ன வயதிலிருந்தே உண்டு. நம்பித்தான் இருக்கிறோம் என்று சொன்னால் போதும், தலையை ஆட்டிவிடுவேன். அன்றைக்கும் சரிங்கண்ணா என்றேன். போனை வைத்த பிறகுதான் விமானம் பார்த்தேன். அன்று இரவு எட்டு மணிக்கு ஒன்று இருந்தது. அதைப் பிடித்தால் திங்கட்கிழமை ராத்திரி வீடு போய்ச் சேரலாம். விமான நிலையத்துக்குப் போகிற கடைசி பஸ் கல்லூரி வாசலில் ஐந்து மணிக்கு நிற்கும். அதாவது ஐந்து மணிக்குள் நான் வாயைத் திறந்தால் அவள் அப்பா முகத்தைப் பார்ப்பாள். திறக்காவிட்டால் பார்க்கமாட்டாள். இதில் குழப்பம் ஒன்றும் இல்லை.

மத்தியானம் அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். அப்பாவும் அம்மாவும் வெளியூர் போயிருக்கிறார்கள், அப்பா போனை மறந்து வைத்துவிட்டார் என்று அண்ணன் சொன்னார். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். ஜலதோஷம் என்றார். என் பொண்ணு பரீட்சை அன்றைக்குக் காலையிலேயே கூப்பிடுவேன் என்று வாக்குக் கொடுத்த மனுஷன் போனை மறந்துவிட்டுப் போவாரா என்று அவள் என்னிடம் அலுத்துக்கொண்டாள். நான் சட்டைகளை மடித்தேன், பிரித்தேன், திரும்ப மடித்தேன்.

எனக்கு ஒரு சாக்கு இருந்தது. வெளிநாட்டு மாணவர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால் ஒரு தாளில் கல்லூரியின் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும், யார் கையெழுத்துப் போடுவது, ஆகவே சொன்னாலும் பிரயோஜனமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு அவள் ஒரு பேனா கேட்டாள். அவளுடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். அந்தத் தாள் மேலேயே கிடந்தது. பரீட்சை முடிந்ததும் ஊருக்குப் போகலாம் என்று போன மாதமே கையெழுத்து வாங்கி வைத்திருந்தாள். நான் பேனாவை எடுத்துக்கொடுத்துவிட்டு இழுப்பறையை மூடினேன்.

அவள் கேலிக்காரி, ஆனால் பரீட்சை என்றால் நடுங்குவாள். என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தான் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒத்திகை பார்த்தாள். நான் பொருளாதாரக்காரி, எனக்கு என்ன தெரியும் என்றேன்.

"தெரியாதவங்க கேக்குறதுதான்டி எனக்கு வேணும். எங்கப்பா கேப்பாரில்ல, அந்த மாதிரி கேளு. மனுஷன் இன்னைக்குப் பாத்து ஊர் சுத்தப் போயிட்டாரு."

நான் கேட்டேன். அடியில் இருக்கிற சேறுதான் பழசு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். காற்றில் எங்கிருந்தோ பறந்து வந்த மகரந்தம் என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். போன வாரங்களில் அவர் போனில் கேட்டு என் காதிலும் விழுந்த கேள்விகள்தான். அவள் குஷியாகிவிட்டாள், அப்பாவேதான், அப்பாவேதான் என்று கையைத் தட்டினாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். ஒரு தடவை தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன், இன்னொரு தடவை ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். சாத்தும்போது பஸ் வந்து நின்றது. இரண்டு பேர் ஏறினார்கள். ஓட்டுநர் இறங்கி அவர்களுடைய பெட்டியை வைத்து, டிக்கியை மூடி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, கொஞ்ச நேரம் சும்மா நின்றார். நான் அவள் பக்கம் திரும்பினேன். அடுத்த கேள்வி என்ன என்றாள். கேட்டேன். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு சொல்வதற்கும் தைரியம் இல்லை, சொல்லாமல் இருப்பதற்கும் நிம்மதி இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம், அங்கே செவ்வாய்க்கிழமை விடிந்து அவரை எடுக்கிற நேரத்தில், இங்கே அவள் கண்ணாடி முன்னால் நின்று நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளை வேண்டாம் என்றேன். ஏன் இப்படி முறைத்துக்கொண்டு சொல்கிறாய் என்றாள். மற்ற நாட்களில் அண்ணன் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பொய் சொன்னார், நான் அதற்கு முட்டுக்கொடுத்தேன். புதன்கிழமை அவளுக்கு அப்பா மேல் கோபமே வந்துவிட்டது. ஒரு வாழ்த்துச் சொல்லக்கூட நேரமில்லையா இவருக்கு என்று சொல்லிவிட்டு, போனைக் கட்டிலில் எறிந்தாள்.

வியாழக்கிழமை. பரீட்சை அறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வட்ட மேசை, நாலு பேராசிரியர்கள், ஒரு காபி ஜாடி. சுவரோரம் நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும். அவள் பேசினாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. காற்றில் வந்த மகரந்தத்தைப் பற்றி ஒரு பேராசிரியர் கேட்டபோது என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் பதில் சொன்னாள். முடிந்ததும் நாலு பேரும் எழுந்து கைதட்டினார்கள். அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியை, ஏரியில் அவளோடு முழங்கால் ஆழத்தில் நின்றவர், அவளைக் கட்டிக்கொண்டார்.

வெளியே நடைபாதையில் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் நான் காத்திருந்தேன். அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தாள். அப்பாவைக் கூப்பிடப் போகிறாள் என்று தெரிந்தது. நான் அந்தக் கையைப் பிடித்தேன். நாலு நாளாக எப்படி எப்படியோ சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"அப்பா இல்லடி" என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. எடுக்க மறந்துவிட்டது போல.

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

"எடுத்துட்டாங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியை வெளியே வந்தார். என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன். எப்போது நடந்தது, இவளுக்கு எப்போது தெரியும், உனக்கு எப்போது தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பரீட்சை கெட்டுவிடக் கூடாது என்று வீட்டில் சொன்னார்கள் என்றேன். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருப்போமே, நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற விஷயம்தானே, இதில் என்ன இருக்கிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார். அவளும் கீழே உட்கார்ந்தபடி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

போன வருடம் ஒருத்தியின் நாய் செத்துப்போனதற்கு இதே பேராசிரியை பரீட்சையை ஒரு வாரம் தள்ளி வைத்தார். நாய்க்கெல்லாமா என்று நானும் அவளும் அறையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தோம். நானே பார்த்தது, நானே சிரித்தது. அண்ணனுக்குத் தெரியாது, சரி. நாங்கள் வளர்ந்த இடத்தில் பரீட்சை யாருக்காகவும் நிற்காது. காய்ச்சலோடு போய் எழுதியிருக்கிறோம், செத்த வீட்டிலிருந்து நேராகப் போய் எழுதியவர்களும் உண்டு. ஆனால் நான் இங்கே நாலு வருடம் இருந்தவள். கேட்டுப் பார்க்கலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பேராசிரியையின் எண் என் போனில் இருந்தது.

அறைக்குப் போகும் வழியில், பெரியப்பாவுக்காக ஐஸ் பெட்டியில் வைத்திருந்தது வரைக்கும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அறைக்கு வந்து அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். பெரியப்பா வந்து சேர்ந்தாரா என்று கேட்டாள். வந்தார் என்று சொல்லியிருப்பார்.

"அவருக்காக ரெண்டு நாள் வச்சிருந்தீங்க, இல்லண்ணா?"

அந்தப் பக்கம் அண்ணன் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். அம்மாவின் குரல் வந்ததும்தான் உடைந்தாள். நான் வெளியே போய் நின்றேன். உள்ளே கேட்ட அழுகையை நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை, இனியும் கேட்க வேண்டாம்.

அன்றைய விமானத்துக்குப் பேராசிரியையே தன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். நான் அவளுடைய பெட்டியை அடுக்கினேன். அவள் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. மன்னித்துக்கொள் என்று பலமுறை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ம் என்றாள். நாலு வருடத்தில் எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. அவள் சீப்பை எறிவாள், நான் கதவை அறைவேன், ராத்திரி சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும். அன்றைக்கு அப்படி ஏதாவது எறிய மாட்டாளா என்று ஏங்கினேன்.

கீழே கார் வந்து நின்றது. பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் வைத்தேன். அவள் முன்கதவைத் திறந்து, ஏறாமல், என் பக்கம் திரும்பினாள். கண் வீங்கியிருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"உங்க வீட்டுல என் நம்பரைக் குடுத்து வை. உங்கப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஏதாவதுன்னா என்கிட்டச் சொல்லட்டும். நான் அந்த நிமிஷமே உன்கிட்டச் சொல்லிடுவேன்."

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கார் கிளம்பியது. நான் போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். அப்பாதான் எடுத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார்.