எட்டாவது நாற்காலி

எங்கள் பத்திரிகைக்கு எந்தப் பிரபலம் செத்த செய்தி வந்தாலும் முதலில் என் மேசைக்குத்தான் வரும். இரங்கல் பகுதி என் பொறுப்பு. பதினாறு வருடமாக ஊரார் சாவை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் எனக்கு ‘எமன் மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள், வெட்கம் கெட்டதுகள்.

வருடத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் எனக்கு ஒரு முழுப் பக்கம் கொடுப்பார்கள். அந்த வருடம் மறைந்த பிரபலங்களில் எட்டுப் பேரைப் பொறுக்கி, ஒரு நீள மேசையைச் சுற்றி விருந்துக்கு உட்கார வைப்போம். படத்தை ஓவியர் வரைவார். யார் பக்கத்தில் யார், என்ன பேசுவார்கள், யார் முதலில் எழுந்து போவார் என்பதெல்லாம் என் எழுத்து. இணைப்பு வெளி அச்சகத்தில் அச்சாவதால் பத்து நாளுக்கு முன்பே பக்கத்தை மூடிவிட வேண்டும். ஏழு நாற்காலிகளை நிரப்பிவிட்டு எட்டாவதைக் கடைசி நிமிடம் வரை காலியாக வைத்திருப்பது எங்கள் வழக்கம். பக்கத்தை மூடிய பிறகு சாகிறவர்கள் பாவம். இந்த வருடத்து மேசையில் இடம் கிடையாது, அடுத்த வருட மேசை போடுவதற்குள் ஊர் அவர்களை மறந்துவிடும்.

என் அக்கா ஒரு நடிகை. கதாநாயகியெல்லாம் இல்லை. டிவி தொடர் ஒன்றில் பதினொரு வருடம் மாமியாராக வந்து மருமகளை உண்டு இல்லை என்று ஆக்கியவள். கடைத்தெருவில் பெண்கள் வழிமறித்துத் திட்டுவார்கள். அன்றைக்கெல்லாம் அவளுக்கு ஒரே குஷியாக இருக்கும். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் என்னோடு என் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

என் பக்கத்தை முதலில் படிப்பவளும் அவள்தான், முதலில் சண்டைக்கு வருபவளும் அவள்தான். இந்தப் பாடகரை எதற்குக் கூப்பிட்டாய், அவர் வாயைத் திறந்தால் மூடமாட்டாரே, மற்றவர்கள் எப்போது சாப்பிடுவது என்பாள். ஒரு வருடம், பாவம், ஒரு விஞ்ஞானியைக் குத்துச்சண்டை வீரருக்குப் பக்கத்தில் போட்டதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. போன வருடம் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, “நான் போனா எனக்கு அங்க ஒரு சேர் போடுவியாடி?” என்று கேட்டாள். வாயை மூடு என்றேன். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தத் தொடர் முடிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கடைத்தெருவில் அவளை யாரும் திட்டுவதில்லை.

இந்த டிசம்பரில் அவளுக்கு நுரையீரலில் சளி கட்டி மூச்சுக் குழாய் போடும்படி ஆகிவிட்டது. புதன்கிழமை மாலை டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

“ரெண்டு நாள். மிஞ்சிப் போனா மூணு. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க.”

வியாழன் மதியம் பக்கத்தை மூட வேண்டும். எட்டாவது நாற்காலி காலியாக இருந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். அன்றைக்கு அந்த வராந்தாவில் என் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இணைப்பு வெளியாகும் ஞாயிறுக்குள் அவள் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். அவளை ஒரு வயதான நகைச்சுவை நடிகருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதினேன். எழுதும்போது அழுதேன். ஆசிரியர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிச்சயமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை அக்கா கண்ணைத் திறந்தாள்.

குழாயை எடுத்துவிட்டார்கள். நர்ஸ் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நான் கட்டில் ஓரத்தில் நின்று அக்காவைப் பார்த்தேன். என் மனதில் முதலில் வந்தது அவள் முகம் இல்லை, அச்சகம். இதைச் சொல்ல நாக்கூசுகிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

அச்சகத்துக்குப் போன் போட்டேன். அச்சடித்துக் கட்டுக் கட்டி, வெளியூர்க் கட்டுகள் லாரி ஏறிவிட்டன என்றார்கள். ஆசிரியரிடம் ஓடினேன். அடுத்த திங்கட்கிழமை ஒரு திருத்தம் போட்டுக்கொள்ளலாம் என்றார். உயிரோடு இருப்பதற்குத் திருத்தம்! அதற்குப் பிறகு தினமும் என் மேசைக்கு வந்து அக்கா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். எழுந்து உட்கார்ந்தாள், சூப் குடித்தாள், இரண்டு அடி நடந்தாள் என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் தொங்கிக்கொண்டே போனது. செருப்பால் அடிக்கலாம் போல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது நானும் அதே கேள்வியைத்தான் கொண்டுபோனேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று தடவை சொல்லிவிட வாயெடுத்தேன். மூன்று தடவையும் மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன். ஞாயிறு காலை பேப்பர் விழுந்ததும் இணைப்பை உருவித் துணிமூட்டைக்குள் செருகினேன். அக்காவின் போனை முதல் நாளே அணைத்து என் பையில் வைத்திருந்தேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து சொல்லிவிடலாம், அவள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மூளை ஏதேதோ பிதற்றியது.

நான் குளியலறையில் இருந்தபோது அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தவள் அக்கா.

கீழ் வீட்டு அம்மா இணைப்பைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டே வந்திருக்கிறாள். எதிரில் நின்றவளைப் பார்த்து வீல் என்று அலறிய சத்தத்தில் நான் ஈரத் தலையோடு ஓடி வந்தேன். அதற்குள் அந்த அம்மா பாதிப் படி இறங்கிவிட்டிருந்தாள். இணைப்பு அக்கா கையில் இருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் சொன்னதை, பக்கத்தை மூட வேண்டியிருந்ததை, அவளுக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்ததை எல்லாம் மூச்சு விடாமல் கொட்டினேன். படித்து முடித்து, மூக்கைச் சரியாக வரையவில்லை என்றாள். எழுத்து நன்றாக இருக்கிறது என்றாள். என் எழுத்தை அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரில நான் கண்ணு முழிச்சப்ப எல்லாரும் சிரிச்சாங்க. உன் மூஞ்சி மட்டும் இருண்டு போச்சு. ஏன்னு ஒரு வாரமா யோசிச்சிட்டிருந்தேன்டி.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.