குழி நின்ற மதியம்

கூட்டத்துக்கு வந்தவர்கள் மூவர். மேற்பார்வையாளர் கபூகோ, காப்பி அலசும் நிலையத்தின் ஒரே நாற்காலியில். காப்பிக்கொட்டை அலசும் மாசிகா, காலியான இரண்டாம் தொட்டியின் விளிம்பில், ஈரக் கால்களைத் தொங்கவிட்டபடி. தண்ணீர் திறந்துவிடும் தெம்போ, கவிழ்த்த வாளியின் மேல். ருவென்சோரி மலை வழக்கம்போல் மேகத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

மேசையில், நிலையத்தை நடத்தும் காப்பி விவசாயிகள் சங்கத்தின் கடிதம். இரண்டாம் தொட்டிக் காப்பி புளித்துவிட்டது. தவறியவர் பெயரை இன்றே எழுதியனுப்பவும். அவர் வேலையில் நீடிக்க முடியாது.

“எழுதுங்க மேடம்,” என்றாள் மாசிகா. “எம் பேரு சின்னதுதான். மை மிச்சம்.”

“மூணாவதாப் பொறந்த கபூகோ, தலைச்சன் மாசிகாவ மேய்க்க வந்தா இப்படித்தான்,” என்று தெம்போ சிரித்தான். அவர்கள் ஊரில் பெயரே பிறந்த வரிசையைச் சொல்லிவிடும்.

“வாய மூடு. பேரு வரிசையில நீ மேடத்துக்கும் பின்னால,” என்றாள் மாசிகா.

கபூகோ சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்புவரை அவளும் மாசிகாவும் ஒரே பலகை. பிறகு ஒருத்தி கம்பாலாவில் பட்டயம் வாங்கினாள். மற்றவள் தொட்டிக்கு வந்தாள். பட்டயத்தோடு வந்தவள் போட்ட முதல் விதி: மேற்பார்வையாளர் கையெழுத்தில்லாமல் எந்தத் தொட்டியையும் அலசக்கூடாது.

இரண்டாம் தொட்டி புளித்த அந்த மதியம் கபூகோவின் நினைவில் கனவுபோல் மிதந்து வந்தது. அபூர்வமான வெயில். நொதிக்கும் கொட்டைகள் தேனாய் மணந்தன. குமிழிகள் தூங்கும் குழந்தையாய் மூச்சுவிட்டன. மாசிகா கம்பை நடுவில் ஊன்றி உருவினாள். குழி மூடவில்லை. திறந்த கண்போல் அப்படியே நின்றது.

“குழி நிக்குது. பக்குவம் வந்தாச்சு. இப்பவே அலசணும்.”

“அட்டவணைப்படி இன்னும் ஆறு மணி நேரம் இருக்கு.”

“தொட்டிக்கு வாசிக்கத் தெரியாதே, மேடம்.”

கபூகோ கையெழுத்துப் போடவில்லை. மாசிகா விதியை மீறவில்லை. கையெழுத்து வந்தபோது தேன்மணம் புளிப்பாகியிருந்தது.

கபூகோ பேனாவை எடுத்தாள். எழுதி முடித்துச் சத்தமாக வாசித்தாள்:

‘தவறியவர் கபூகோ, மேற்பார்வையாளர். அட்டவணை குளிர்நாளுக்கானது, அன்று வெயிலில் கொட்டை சீக்கிரம் நொதித்துவிட்டது. என்னிடம் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. இனி கம்பு ஊன்றுபவரே அலசும் நேரத்தை முடிவு செய்யட்டும். மேற்பார்வையாளர் அதைக் குறித்துவைத்தால் போதும்.’

தெம்போவின் சிரிப்பு நின்றது.

“வேலை போயிடும்டி,” என்றாள் மாசிகா. ‘மேடம்’ எங்கோ உதிர்ந்திருந்தது.

“தெரியும். போனா, அலச ஆள் எடுக்கறப்போ சொல்லி அனுப்பு.”

“உனக்கா? கம்பு பிடிக்கவே தெரியாது.”

உறையின் பசை காய்ந்துபோயிருந்தது. மாசிகா இறங்கிப் போய், முதல் தொட்டியில் புதிதாய் ஊறும் கொட்டைகளின் வழுவழுப்பை விரலில் வழித்து வந்து மடிப்பில் தடவினாள். இருவர் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தின. கடிதம் கொண்டுவந்து வெளியே காத்திருந்த மோட்டார் சைக்கிள்காரன் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மேகத்துக்குள் இறங்கிப் போனான்.