டீசல் யாருக்குப் பொருந்தும்

எல்லோரும் காரில் ஏறுவார்கள். எங்கள் காரில் இறங்கித்தான் உட்கார வேண்டும். தரையோடு தரையாகத் தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் செடான், டீசல். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அதிலிருந்து எழுந்து வெளியே வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"வித்துடலாம். உனக்கு உயரமான வண்டி வாங்கலாம்," என்று என் வீட்டுக்காரரே சொன்னார். வாய்தான் சொன்னது, மனசு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

வாங்க முதலில் வந்தவர் பல் டாக்டர். பார்த்ததும் அவருக்கு வண்டி பிடித்துவிட்டது.

"கிளினிக் எவ்வளவு தூரம் டாக்டர்?" என்று இவர் ஆரம்பித்தார்.

"ரெண்டு தெரு தள்ளி."

"அப்ப டீசல் வேணாம். இன்ஜின் சூடாகறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவீங்க, புகை ஃபில்டர் அடைச்சுக்கும். சின்ன பெட்ரோலா பாருங்க."

டாக்டர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தவர் பாத்திரக் கடைக்காரர். ஆயில் எப்போது மாற்றுவீர்கள் என்று இவர் கேட்க, "லைட் எரிஞ்சா மாத்துவேன்," என்றார் அவர் வெள்ளந்தியாக. அவ்வளவுதான். அப்படி ஓட்டினால் இந்த இன்ஜின் செயின் தாங்காது என்று சொல்லி வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

சொன்னதெல்லாம் உண்மை. அதுதான் எனக்கு எரிச்சல். பொய்யாக இருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

மூன்றாவதாக, தையல் மெஷின் விற்கிற ஒரு பெண் வந்தாள். தினமும் நெடுஞ்சாலையில் ஊர் ஊராகப் போகிறவள். ஆயிலைக் கெடுவுக்கு முன்பே மாற்றுகிறவள். இவர் கேட்ட எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கேள்வி தீர்ந்துபோய், சாவியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் இந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு ஆசை, என்ன செய்வது.

"காலையில ஸ்டார்ட் பண்ணா கடகடன்னு ஒரு சத்தம் வருதும்மா," என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிப் போனாள்.

இவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவளுக்குப் போன் போட்டார்.

"அம்மா, என் வீட்டுக்காரி சொன்னது பச்சைப் பொய். நாளைக்குக் காலையில வாங்க. வண்டியத் தொடாம வைக்கிறேன். ஆறிக் கிடக்கிற இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த இன்ஜினைப் பத்தி அப்படிச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?"

"உங்களுக்காகத்தான்."

"தெரியுது. உன் கால் என்ன ஆகறது?"

மறுநாள் அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது, அவளோடே போயும்விட்டது. தெருமுனை திரும்பும்வரை இவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் உயரமான வண்டி ஒன்றைப் பார்க்கப் போனோம். விற்கிறவர் பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜின் புராணம் பாட ஆரம்பித்தார்.

"அத அப்புறம் பாக்கலாம் சார்," என்றார் இவர். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மொதல்ல நீ ஏறி இறங்கு."