ஐஸ்பெட்டியில் ஒட்டாத காந்தம்

என் அக்கா ரோசரி தன் ஆய்வுக்காக நான்கு மாதம் உலையில் வளர்த்த கல், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். என்ன அது என்று கேட்பவர்களுக்கெல்லாம் காந்தம் என்று சொல்லிவைத்தவன் நான். முழு விளக்கம் கேட்டவர்கள் பாதியிலேயே தேநீர் கலக்க எழுந்துபோனார்கள்.

முழு விளக்கம் இது. கல்லுக்குள் அணுக்கள், காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட நிற்கும் தோட்டத்து ஆட்கள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஒன்று நேராக, அடுத்தது தலைகீழாக. அதனால் வெளியே எதையும் இழுக்காது. ஒன்றைச் சீண்டினால் ஆட்டம் அலையாக ஓடும். குளிரவைத்து லேசர் அடித்தால், அளக்கும் கருவியில் கூர்மையான ஒரே கோடு விழ வேண்டும். அக்காவின் கல்லில் விழுந்தது அகலமான மேடு. அலை இரண்டாகப் பிரிந்து, பாதிகள் தனித்தனியாகப் போகின்றன என்றாள் அவள். அவளுடைய பேராசிரியர் நம்பவில்லை. இரண்டு கற்கள் ஒட்டி வளர்ந்திருக்கின்றன, மேடு அந்த ஒட்டின் கோளாறு, வேறு கல் வளர்த்துக்கொள் என்றார். வளர்க்க நான்கு மாதம். ஆய்வேட்டைக் கொடுக்க மிச்சமிருந்தது மூன்று.

சனிக்கிழமை கல்லோடு கோல சிலாங்கூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சுங்கை செம்பிலாங்கிலிருந்து பிளோரன்ஸ் அத்தையும் வந்திருந்தார். சுற்றுலா போகிற யாரும் அத்தைக்கு ஒரு காந்தம் வாங்கி வராமல் தப்ப முடியாது. அவர் ஐஸ்பெட்டிக் கதவில் வேளாங்கண்ணி மட்டும் ஆறு. மேசையில் கல்லைப் பார்த்தார். எங்கள் ஐஸ்பெட்டியில் வைத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். கல் தரையில் விழுந்து இரண்டானது.

"ஒட்டலயே லா," என்றார். பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். காந்தம் என்று சொல்லிவைத்த உண்மையான குற்றவாளியை யாரும் விசாரிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அக்கா போன் வெளிச்சத்தில் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடைந்த பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்றிருந்தது.

"சார் சொன்னது சரிதான்டா. ரெண்டு கல்லு. ஒட்டுன எடத்துலயே பிரிஞ்சிருக்கு."

"அப்போ மேடு?"

"ஒட்டுனதாலதான் வந்துச்சுன்னா இனி வராது. வரலன்னா எனக்கு எழுத ஒண்ணுமில்ல."

திங்கட்கிழமை பேருந்தில் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினாள். அத்தை ஊருக்குத் திரும்பவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. மறுநாள் மாலை அக்கா அழைத்தாள். இரண்டு துண்டுகளையும் தனித்தனியாகக் குளிரவைத்து லேசர் அடித்தார்களாம். ஒட்டு போன பிறகும் இரண்டிலும் அதே மேடு. பேராசிரியர் பக்கத்திலேயே நின்று, மறுபடி அடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாற்காலி கேட்டாராம்.

அத்தை போனை வாங்கினார்.

"நான் ஒடச்சதாலயாம்மா வந்துச்சு?"

"இல்ல அத்த. மேடு முன்னமே இருந்துச்சு. நீங்க ஒடச்சும் போகல."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார் அத்தை. அக்கா சொன்னாள்.