சிவப்புப் பட்டை டப்பா

அஃப்ரூஸின் பேரைக் கெடுத்தவன் கியூமர்ஸ். ஸ்டர்ஜன் மீன் முட்டைக்கு உப்புப் போட்டுக் கேவியர் ஆக்குவதில் அன்சலிக் கடற்கரை முழுக்கக் கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள் அவள். அவள் முதலாளி கியூமர்ஸோ பழைய பேட்டரித் தொழிற்சாலை இருந்த நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதில் குளம் வெட்டி மீனை விட்டான். சேற்றைக் கிளறித் தின்கிற மீன். மண்ணில் கிடந்த ஈயம் அதன் முட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. வெளிநாடு போன சரக்கு, ஈயம் இருக்கிறதென்று திரும்பி வந்தது. அந்தப் பாவி கொஞ்சமும் கூசாமல், அவள் வாங்கிய உப்பில்தான் விஷம் என்று ஊரெல்லாம் சொல்லி அவளைத் துரத்தினான். பிறகு கரையில் ஒருவரும் அவளை உப்புத் தொட்டிப் பக்கம் அண்டவிடவில்லை. ஓட்டலில் எச்சில் தட்டுக் கழுவினாள், வன்மத்தை மட்டும் ஆறவிடவில்லை.

அதே ஓட்டலுக்கு டெஹ்ரான் வியாபாரி பர்வானேயைக் கூட்டி வந்தான் கியூமர்ஸ். மற்ற பண்ணைக்காரர்களும் வந்திருந்தார்கள். கடலில் பிடிக்கிற மீன் கச்சா எண்ணெயும் ஆலைக் கழிவும் குடித்துக் கெட்டுவிட்டது, தன் மீனோ பெற்ற பிள்ளை மாதிரி வளர்ந்தது என்று அளந்துகொண்டிருந்தான். அவன் கொடுத்து வைத்திருந்த இரண்டு டப்பாக்களைப் பனிப்பெட்டியிலிருந்து எடுத்து வந்த அஃப்ரூஸைக் கண்டதும் அவனுக்குக் குஷி.

"வாம்மா மகராசி. சிப்பிக் கரண்டி எடுத்துட்டு வா. என் கேவியர்ல இரும்பு, வெள்ளி எதுவும் படக்கூடாது."

அவள் கரண்டி எடுக்கப் போனாள்.

விற்பவன் முதல் வாய் தின்று காட்டுவது அங்கே வழக்கம். அதற்கென்று கியூமர்ஸ் தன் வீட்டுக் குளத்து முட்டையைத் தனி டப்பாவில் கொண்டுவருவான். மூடியில் சிவப்பு ரப்பர் பட்டை இருக்கும். வாங்குபவருக்குப் பேட்டரி நிலத்துச் சரக்கு, கறுப்புப் பட்டை. அவளே எத்தனையோ முறை மாட்டிய பட்டைகள்தான். ஏன் என்பது சரக்கு திரும்பி வந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

கரண்டியை வைக்கும்போது அவன் காதருகே குனிந்தாள்.

"பட்டைய மாத்திட்டேன் முதலாளி. நல்லா சாப்பிடுங்க."

அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனால் ஆள் கெட்டிக்காரன். பட்டை மாறியிருந்தால் நல்ல முட்டை இப்போது கறுப்பில்தானே. விருந்தாளிக்குத்தான் மரியாதை என்று சொல்லி, சிவப்பு டப்பாவைப் பர்வானே பக்கம் தள்ளினான். கறுப்பைத் தன் பக்கம் இழுத்துக் கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டான். கண்ணை மூடிச் சுவைத்துக் காட்டினான். இன்னொரு கரண்டியும் உள்ளே போனது.

அஃப்ரூஸ் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "நான் எந்தப் பட்டையையும் மாத்தல."

அவன் மேசைத் துணியில் துப்பினான். விரலை விட்டு நாக்கை வழித்துத் திரும்பத் திரும்பத் துப்பினான். பர்வானே கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உப்பாலதானே கெட்டுதுன்னே? இப்ப வேற உப்புதானே? அப்புறம் ஏன்யா துப்புறே?" என்றார் ஒரு பண்ணைக்காரர்.

கியூமர்ஸ் துணியால் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அஃப்ரூஸ் ஒரு கிளாஸ் தண்ணீரை அவன் முன்னால் நகர்த்தினாள்.

"குடிங்க முதலாளி. உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்."