ரோஸ்மில்க்கில் மிதந்த ஐஸ்

நஜ்மா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வெயிலில் வந்த அதிகாரிக்கு ஐஸ் போட்டு ரோஸ்மில்க் கொடுத்தாள்.

திருத்துறைப்பூண்டியில் அவள் தெருவில், வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்பினால் ஊர் வாய் சும்மா இருக்காது. அதிலும் வந்தவர் மின் அலுவலகத்து உதவிப் பொறியாளர் பிரகதீஸ்வரி. நஜ்மா வீட்டில் செத்துக் கிடந்த ஃப்ரிட்ஜைப் பார்த்து எழுத வந்தவர். அவர் எழுதினால்தான் நஷ்டஈடு. அதைவிட முக்கியம், அவர் பார்த்துவிட்டுப் போனால்தான் மெக்கானிக் அதில் கை வைக்கலாம்.

முந்தின வெள்ளிக்கிழமை கம்பத்தில் ஒரு கம்பி அறுந்து, தெரு முழுக்க ஹை வோல்டேஜ் பாய்ந்தது. பல்புகள் கல்யாண வீடு போல ஜொலித்தன. ஃபேன்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்போலச் சுற்றின. அடுத்த நிமிடம் பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை. சிலர் வீட்டில் டி.வி. போனது, சிலர் வீட்டில் மிக்ஸி. நஜ்மாவுக்குப் போனது ஃப்ரிட்ஜ்.

மற்றவர்களுக்கு ஃப்ரிட்ஜ் என்றால் மாவும் மல்லித்தழையும். நஜ்மாவுக்கு அதுதான் பிழைப்பு. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றிக் குளிரவைத்து, வில்லை வில்லையாக அவள் வெட்டித் தரும் கடல்பாசி கடைத்தெருவில் அரை மணி நேரம் தாங்காது. நோன்பு மாதம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மாத வியாபாரத்தை நம்பித்தான் அவள் மீதி வருஷத்தை ஓட்டுவாள். மின் அலுவலகத்திலோ, "அதிகாரி வந்து பாக்குற வரைக்கும் எதையும் பிரிக்கக் கூடாதும்மா" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். பயந்துபோன நஜ்மா அந்த ஃப்ரிட்ஜைத் துடைக்கக்கூட இல்லை.

பிரகதீஸ்வரி ஒரே மூச்சில் பாதி டம்ளரைக் காலி செய்தார். "அப்பாடா, இப்பதான் உயிர் வந்துச்சு" என்றார். பிறகு டம்ளரைக் குலுக்கிப் பார்த்தார். ஐஸ் கட்டிகள் கலகலத்தன.

"ஏங்க, ஃப்ரிட்ஜ் ஓடலைன்னு மனு குடுத்திருக்கீங்க. இந்த ஐஸ் எங்கேருந்து வந்துச்சு?"

நஜ்மா பக்கத்து வீட்டுப் பக்கம் கையை நீட்டினாள். "பக்கத்து வீட்டு ஐஸ் மேடம்! மங்களாம்பிகை அக்கா வீட்டுது. ஒரு வாரமா என் சாமானெல்லாம் அங்கதான் இருக்கு."

"தெருவே எரிஞ்சப்போ அவங்க வீட்டுது மட்டும் எப்படிப் பொழைச்சுது?"

"அன்னிக்கு அவங்க ஊர்லயே இல்லங்க. அவங்க வீட்டுக்கார அண்ணனுக்கு அறுபது நிறைஞ்சு திருக்கடையூர் போயிருந்தாங்க. மெயினை அணைச்சுட்டுப் போயிருந்தாங்க."

"கேட்டுடுவோமே. போன மாசம் ஒருத்தர் பரண்ல கிடந்த பழைய டி.வி.யை எறக்கி வெச்சு, எரிஞ்சுபோச்சுன்னு காமிச்சாரு." பிரகதீஸ்வரி டம்ளரும் கையுமாகவே எழுந்தார்.

பக்கத்து வீட்டுக் கூடத்தில் நாகநாதன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அறியாத மனிதர். எல்லாம் அவருக்கு இருந்த இடத்துக்கே வந்துவிடும். பிரகதீஸ்வரி ஐஸ் விஷயத்தைக் கேட்டதும், அடுப்படியிலிருந்து வந்த மங்களாம்பிகை புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"ஐஸா? எங்க வீட்டுலயா? இல்லையே..." என்று இழுத்தாள்.

"அக்கா!" என்றாள் நஜ்மா. அவ்வளவுதான், கெட்டது குடி என்று நினைத்தாள். கூடப்பிறந்தவள் மாதிரி நினைத்தவள் இப்படிக் காலை வாருவாளா?

"நான் திறந்து பாக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே பிரகதீஸ்வரி ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

மேலிருந்து கீழ்வரை நஜ்மாவின் சாமான்கள்தான். கடல்பாசித் தட்டுகள், பால் தூக்குகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் 'நஜ்மா' என்று பேர் வெட்டியிருந்தது. மங்களாம்பிகையின் பொருள் என்று ஒரு பச்சைமிளகாய்கூட உள்ளே இல்லை. அவளுடைய மாவும் தயிரும் அடுப்படி மூலையில், தண்ணீர் ஊற்றிய அண்டாவுக்குள் ஈரத்துணி போர்த்தி உட்கார்ந்திருந்தன.

நஜ்மா இதை இப்போதுதான் பார்க்கிறாள். தினமும் பின்வாசலில் தட்டைக் கொடுப்பாள், பின்வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை.

"ஃப்ரிட்ஜ் காலியாத்தான் கெடக்குன்னு சொன்னீங்களேக்கா!"

மங்களாம்பிகை பதில் சொல்வதற்குள் நாகநாதன் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார்.

"அதான் ஒரு வாரமா தோசை புளிக்குதா! அறுபது ஆச்சு, உங்க நாக்குதான் கெட்டுப்போச்சுன்னியே மங்களம்! நானும் அதை நம்பி, நாக்குல ருசி வர்றதுக்கு லேகியம் வாங்கித் தின்னுக்கிட்டிருக்கேன்!"

பிரகதீஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாப்பாட்டு மேஜையிலேயே காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இதுக்கு மேல எனக்கு என்ன சாட்சி சார் வேணும்? நஷ்டஈட்டுக்கு எழுதிட்டேன். நீங்க மெக்கானிக்கை இன்னிக்கே கூப்பிடலாம்மா" என்றார்.

எவ்வளவு நாளாக இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்! ஆனால் நஜ்மா மங்களாம்பிகையின் ஈரக் கையைப் பிடித்தபடி நின்றாள். சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வெச்சிருப்பியா?"

 நஜ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கடல்பாசித் தட்டை எடுத்து வெட்டி, முதல் வில்லையை நாகநாதன் அண்ணன் கையில் வைத்தாள்.