கடலில் ஓடிய வேன்

சிரிக்காதே ஜானட், சிரித்தால் இரண்டுமே பிடித்துப்போனது பாஸ்கலுக்குத் தெரிந்துவிடும், விலையை ஏற்றிவிடுவான்.

உதடு கேட்கவில்லை. காசிமேட்டில் வலையும் கயிறும் பழைய இன்ஜின் சாமானும் விற்கிற பாஸ்கல், மேசைமேல் இரண்டு ஜி.பி.எஸ். கருவிகளை வைத்திருந்தான். ஒன்று புதுசு. கலர் திரை, உள்ளே ரோடு மேப். இன்னொன்று கைமாறி வந்த மஞ்சள் கருவி. மேப் கிடையாது. போன வழியைக் கோடாக வரையும், குறித்துவைத்த இடத்துக்கு அம்பு காட்டும், அவ்வளவுதான்.

வருகிற ஞாயிறு அவள் தனியாக வேன் ஓட்டிக்கொண்டு நாகலாபுரம் போகிறாள். தனியாக மலை ஏறுகிறாள். வழி கேட்கலாம் என்று டீக்கடையில் நிறுத்தினால், வழிக்கு முன்னால் “கூட யாரும் வரலியா?” என்பார்கள். முப்பத்தாறு வயதில், ஒரே ஒரு நாள், அந்தக் கேள்வி இல்லாமல் போய்வர வேண்டும்.

“ரெண்டையும் ஒரு ரவுண்டு இட்டுக்கினு போய்ப் பாக்குறோம் மாமு,” என்றான் அண்ணன் லூயிஸ். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவனுடைய விசைப்படகு துறைமுகத்தில் சும்மா கிடந்தது. அவனுக்குக் கலர் திரைமேல்தான் கண்.

வேன் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே திருவொற்றியூர்ப் பக்கம் ஊர்ந்தது. லூயிஸ் மடியில் இரண்டு கருவிகள்.

“ஜானட்டு, பிரேக் போடு.”

“இன்னாண்ணா?”

“நாம கடல்ல போய்க்கினு கீறோம்.”

கலர் மேப்பில், கரையைத் தாண்டி, நீலத்துக்குள் அவர்களுடைய முக்கோணம் நீந்திக்கொண்டிருந்தது.

“வலையப் போடுண்ணா. வந்ததுக்கு நாலு சங்கரா தேறட்டும்.”

“மொதல்ல லைஃப் ஜாக்கெட் குடு. தடைக்காலத்துல கடலுக்கு வந்தேன்னு என்னைப் புடிச்சுக்கினு போவப் போறான்!”

கண்ணில் நீர் முட்டி ரோடு தெரியவில்லை. கரையோரக் கற்களை ஒட்டி வேனை நிறுத்தினாள். பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரனோடு சேர்த்து ஏதோ திட்டினான். அதற்கும் சிரித்தாள். கடைசியாக இப்படிச் சிரித்தது எப்போது என்று தேடிப்பார்த்தாள், கிடைக்கவில்லை. கிடைக்காதது இன்றைக்கு வலிக்கவும் இல்லை.

காலடிப்பேட்டையில் வேனை விட்டு இறங்கி, லூயிஸ் பின்னால் வர, சந்துகளில் இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தாள். கலர் கருவி சுவர்களுக்கு நடுவே திணறி, சாட்டிலைட் கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. மஞ்சளும் சற்று யோசித்தது. பிறகு வரைந்தது. அவள் திரும்பிய திருப்பமெல்லாம், சோடாவுக்காகப் பாதித் தெரு திரும்பிப் போனதுகூட, மெல்லிய கோடாக விழுந்திருந்தது. யாரும் போட்டுவைத்த ரோடு இல்லை அது. அவள் போனதால் உண்டானது.

“கலர்ல பேட்டரி அதுக்குள்ள பாதி போச்சுண்ணா.”

“வேன்ல சொருவிக்க.”

“மலையில எங்க சொருவுறது, மரத்துலயா?”

“அப்ப வண்டி ஓட்டச்சொல்ல ரோடு எப்டித் தெரியும்?”

“அம்பு தெச காட்டும். ரோட்டக் கண்ணு பாத்துக்கும். மஞ்சள்தான்.”

லூயிஸ் முணுமுணுத்துக்கொண்டே மஞ்சளை வாங்கி அமுக்கிப் பார்த்தான். திடீரென்று அதைக் கண்ணுக்கருகே கொண்டுபோனான்.

“ஏய், இது தாமஸ் அண்ணனுதுமே! திரையில அவரு பேரே கீது! பாயின்ட் அத்தனையும் உள்ளயே கீது!”

தாமஸ் போன மாதம்தான் படகை விற்றுவிட்டுத் தூத்துக்குடியில் மகளோடு இருக்கப் போனவர். வஞ்சிரம் எங்கே கிடைக்கும் என்பதைக் குடித்திருக்கும்போதுகூடச் சொன்னதில்லை. படகில் திரைமேல் துண்டைப் போட்டு மூடிவைப்பார். காசிமேட்டில் கூடப்பிறந்த தம்பிக்குக்கூட மீன் கிடைக்கிற பாயின்ட்டைக் காட்டுகிற வழக்கமில்லை. பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் போய்விடும் என்று நினைத்திருப்பார், பாவம்.

“இதையே எடு, இதையே எடு!” லூயிஸ் தெருவிலேயே ஒரு ஆட்டம் போட்டான். கருவியை அவள் கையில் திணித்துவிட்டு, சோடாக் கடையில் பேனா கடன் வாங்கி, சிகரெட் அட்டையைக் கிழித்து விரித்தான். “ஒண்ணொண்ணா படிமா. ஊருக்கே வஞ்சிரம் போடுறேன்.”

முப்பத்தொரு புள்ளிகள். ஒவ்வொன்றும் வெறும் எண்கள். ஆனால் ஒரு மனிதர் யாரையும் கேட்காமல் தனியாகப் போய்ச் சேர்ந்த இடங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளும் ஒன்றைக் குறிப்பாள். அதை யாரோ இப்படி ஒரு தெருவில் நின்று உரக்கப் படித்தால்?

சிரிப்பு இன்னும் விலாவில் குதித்துக்கொண்டிருந்தது. மெனுவைத் தேடினாள். அனைத்தையும் அழிக்கவா என்று கருவி கேட்டது.

“சொல்லுமா, மொதல் நம்பரு?”

“இல்லண்ணா,” என்று மெதுவாகச் சொல்லி, ‘ஆம்’ என்ற பொத்தானை அமுக்கினாள்.